மு.ஃப. கையெழுத்திடாத துண்டறிக்கை

பெயர் மு. ஃபரீத். பிறந்தது விருதுநகரில், 1963 ஜூலை நான்காம் தேதி. தந்தை முகைதீன், வத்தல் மண்டியில் எடை போட்டவர். படிப்பு பத்தாம் வகுப்பு, தேர்ச்சி. மனைவி நசிமா. மக்கள் இருவர்: மஹ்ரீன், பைசல். வேலை, சிவகாசியில் நாரணாபுரம் செல்லும் சாலையிலுள்ள ஒரு காலண்டர் அச்சகத்தில், 1984 முதல். மூக்குக்கண்ணாடி அணியத் தொடங்கிய நாள் 2008 நவம்பர் 18. குடும்பப் பதிவேட்டில் இந்தக் கடைசிக் குறிப்புக்கு எதிரே ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

விவரங்கள் இவ்வளவே. இனி அபிப்பிராயம்.

ஃபரீத் தப்பைப் பொறுக்காதவர். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் மணமக்களின் பெயரைப் படிப்பார். பேருந்தில் சீட்டுக் கிழிப்பவர் ஊர்ப் பெயரை மாற்றிக் கிழித்துக் கொடுத்தால், கட்டணம் ஒன்றேயானாலும், வேறு சீட்டு வாங்காமல் உட்கார மாட்டார். அச்சகத்தில் எந்தத் தாளும் அவருடைய ‘மு.ஃப.’ என்ற சுருக்கக் கையெழுத்து விழாமல் இயந்திரம் ஏறாது. முதலாளியே போடச் சொன்னாலும் இயந்திரக்காரர்கள், “பாய் பாத்தாச்சா?” என்று ஒரு தரம் கேட்டுவிடுவார்கள். பிழையில்லாத பாய் என்பது அவருக்குச் சிவகாசி கொடுத்த பட்டம். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையசைப்பார். கையசைப்பு மெதுவாகத்தான் இருக்கும்.

அந்த நாளில் புகைப்படங்கள் சிறு சிறு ஃபிலிம் சதுரங்களாக, ஸ்லைடுகளாக வரும். அவற்றை ஸ்கேனர் தட்டில் அடுக்குவது ஃபரீத்தின் வேலை. ஸ்லைடுக்கு ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கியிருக்கும். மங்கிய பக்கம் எது என்று தெரியாமல் புரட்டி வைத்துவிட்டால் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் படம் இடம் வலமாக மாறிவிடும். கண்ணால் பார்த்துச் சந்தேகம் வந்தால் தொழிலில் ஓர் உபாயம் உண்டு. ஓரத்தை ஈர உதட்டில் லேசாக வைத்துப் பார்ப்பார்கள். மங்கிய பக்கம் உதட்டில் ஒட்டும். ஃபரீத்துக்கு நாற்பது வயதிலேயே கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கிவிட்டது. கண்ணாடி போட்டால் பிழையில்லாத பாய்க்குக் கண் போச்சு என்பார்களே என்று அவர் போடவில்லை. உதட்டை வைத்தே ஐந்தாண்டு ஓட்டினார். இந்த இரகசியம் தெரிந்தவர் ஒருவர்தான்: நாலு கலர் அச்சு மெசினை ஓட்டிய ஆமத்தூர் சங்கிலிமுத்து.

சங்கிலிமுத்து ஃபரீத்தைவிட மூன்று வயது இளையவர், நான்கு மடங்கு சத்தம் கூடியவர். அவருடைய அப்பனும் தாத்தனும் கூலிக்கு உழவு ஓட்டியவர்கள். மெசினுக்குத் தினமும் ஊதுபத்தி காட்டுவார், ஓடாவிட்டால் உதைப்பார். “பாய், ஒரு கண்ணாடிய வாங்கி மாட்டுங்க. நீங்க ஸ்லைடுக்கு முத்தம் குடுக்கிறத நசிமாக்கா பாத்தா என்ன நெனைப்பாக?” என்பது அவருடைய அன்றாடக் கேலி.

2008ஆம் ஆண்டு காலண்டர் சீசன், ரமலான் மாதத்தில் சூடு பிடித்தது. மலைமேலிருந்த ஒரு கோல்ஃப் கிளப், தன்னை நிறுவிய தலைவரின் நூற்றாண்டுக்கு மூவாயிரம் காலண்டர் ஆர்டர் கொடுத்திருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு ஸ்லைடு. எல்லாவற்றிலும் அந்தப் பெரியவர். செப்டம்பர் 11, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு ஃபரீத் அவற்றைத் தட்டில் அடுக்கினார். நோன்பு. ஃபிலிமை உதட்டில் வைக்க மனம் ஒப்பவில்லை. மருந்து பூசிய பொருள், வாய்க்குள் ஒரு துளி போனாலும் என்ன ஆவது? எனவே கண்ணை நம்பினார். பன்னிரண்டும் ஒரே சீராகப் புரண்டு படுத்தன.

படத்தில் எழுத்து ஏதும் இல்லாததால் எவருக்கும் தெரியவில்லை. பச்சை நிறம் சரியா என்று பார்க்க, கிளப்புக்கு மே மாதத் தாள் மட்டும் மாதிரியாகப் போனது. அதில் பெரியவர் குடை நிழலில் உட்கார்ந்து பானம் அருந்துகிறார். பச்சை அபாரம் என்று பதில் வந்தது. மூவாயிரமும் அச்சேறி, மேல் விளிம்பில் தகரப் பட்டை அடித்து லோடு கிளம்பிப் போன பிறகு, நவம்பர் 17ஆம் தேதி, கிளப்பின் செயலாளர் கையில் ஒரு கோல்ஃப் மட்டையோடு நேரே அச்சகத்துக்குள் நுழைந்தார். மெசின்களுக்கு நடுவே காலை அகட்டி நின்று, வலக்கை ஆட்டக்காரர் எப்படி அடிப்பார் என்று வீசிக் காட்டினார். “எங்க ஐயா அறுபது வருஷம் வலது கை! செத்த பிறகு இடது கை ஆக்கிட்டீங்களே!” என்றார். மட்டையைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு, அதை எடுக்கக்கூட இனி இந்த ஊர்ப்பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிப் போனார். வரவும் இல்லை.

முதலாளி எல்லாரையும் நிறுத்திக் கேட்டார்: “ஸ்லைடு அடுக்குனது யாரு?”

ஃபரீத் வாயைத் திறந்தார். அதற்குள் மெசின் பக்கமிருந்து சங்கிலிமுத்து கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்துவிட்டார்.

“நாந்தான் மொதலாளி. பாய் நோன்பு தொறக்கப் போயிருந்தாக. லோடு நிக்குதேனு அவசரத்துல நானே எடுத்து வச்சுட்டேன்.”

“ஏலே சங்கிலி...” என்றார் ஃபரீத்.

“நீங்க பேசாதீக பாய். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என்னைய விட்டுருப்பீகளா?”

தண்டனையாக அவருடைய அந்த ஆண்டுப் போனஸ் போயிற்று. இரண்டு சீசன் தாள் வெட்டும் மெசினுக்கு மாற்றப்பட்டார். மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ஃபரீத் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

“ஏம்லே இப்படிச் செஞ்ச?”

“முப்பதாம் தேதி மஹ்ரீனுக்கு நிக்காஹ். சம்மந்தக்காரவுக நம்ம கம்பெனிக்குப் பேப்பர் போடுறவுக. பிழையில்லாத பாய் வீட்டுப் பொண்ணுனு சொல்லித்தான கேட்டு வந்தாக? கல்யாணம் முடியட்டும். பெறகு மெதுவாச் சொல்லிக்கிடலாம். முட்டைய எடுங்க, திங்கலனா நான் எடுத்துக்கிடுவேன்.”

மறுநாள் ஃபரீத் கண்ணாடி வாங்கினார்.

கல்யாணம் முடிந்தது. முதல் பேரன் பிறந்த பிறகு சொல்லலாம் என்று ஃபரீத் நினைத்தார், பிறந்தான். சங்கிலி மறுபடி நாலு கலர் மெசினுக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தார், வந்தார். ஒவ்வொரு முறையும் சங்கிலிமுத்து குறுக்கே விழுந்தார்: “இப்பச் சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும் பாய். அதோட எனக்கு ஆட்டம் வேற பிடிச்சுப்போச்சு. கெடுத்துராதீக.”

ஆட்டம் என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும்.

திரும்பி வந்த மூவாயிரம் காலண்டரையும் எடைக்குப் போட மனமில்லாமல் முதலாளி தொழிலாளிகளுக்கு வாரி வழங்கிவிட்டார். 2009ஆம் ஆண்டு ஆமத்தூரிலும் நாரணாபுரத்திலும் அந்த இடக்கைப் பெரியவர் தொங்காத சுவர் இல்லை. சங்கிலிமுத்து கேட்பாரற்றுக் கிடந்த மட்டையை எடுத்துக்கொண்டு, காலண்டரைப் பார்த்தே கோல்ஃப் கற்றார். விதிகளையும் அதிலிருந்தே எடுத்தார். ஆமத்தூருக்குச் சாலை பிரியும் விலக்குக்குப் பக்கத்தில் அவருக்கு ஒன்றே கால் ஏக்கர் மானாவாரிக் கரிசல் தரிசாகக் கிடந்தது. அதில் பன்னிரண்டு காலி மை டப்பாக்களைப் புதைத்து, ஜனவரிக் குழி முதல் டிசம்பர்க் குழி வரை பெயரிட்டார். எந்த மாதக் குழியோ அந்த மாதப் படத்தில் பெரியவர் செய்வதைச் செய்த பிறகே பந்தை அடிக்க வேண்டும். மார்ச்சில் குத்தவைத்து ஒரு கண்ணை மூட வேண்டும். ஏப்ரலில் சீமைக்கருவேலம் புதருக்குள் மட்டையை விட்டுத் தேட வேண்டும். பந்து அங்கே இல்லாவிட்டாலும். மே மாதம் குடை பிடித்து ஒரு கலர் சோடா குடிக்க வேண்டும். ஆகஸ்டில் துண்டால் முகம் துடைக்க வேண்டும். அக்டோபரில் பெரியவர் சிறு வண்டியில் உட்கார்ந்து கையசைப்பார், இங்கே மொபெட். டிசம்பரில் எதிரியோடு கைகுலுக்க வேண்டும், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

படம் புரண்டது என்று தெரிந்தும், படம்தான் விதி என்பதால் எல்லாரும் இடக்கைக்காரர்களாகவே நின்றார்கள். மட்டையோ வலக்கை மட்டை. ஆகவே அதன் முதுகால் அடித்தார்கள். பந்து நினைத்த இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை. கோல்ஃப் கடினமான விளையாட்டு என்று கேள்விப்பட்டிருந்தபடியால் யாருக்கும் ஐயம் எழவில்லை. சீசன் முடிந்த தை, மாசி மாதங்களில் ஞாயிறுதோறும் அச்சகத்து ஆட்கள் அங்கே கூடினார்கள். ‘இடக்கை சங்கிலி’ என்ற பெயர் சங்கிலிமுத்துவுக்கு ஒட்டிக்கொண்டது. மச்சான்மார் கேலி பேசினார்கள். அவருடைய மனைவி கற்பகம், பட்டாசு ஆலைக்கு வேனில் போய்வருபவர், அந்த மச்சான்மாரோடு பலமுறை சண்டைக்கு நின்றார். பிறகு அவரே ஆட்டத்துக்கு நடுவராகி, விதி மீறுபவர்களைப் படத்தைக் காட்டி அடக்கினார்.

ஃபரீத் மட்டும் ஒரு தரமும் மட்டையைத் தொடவில்லை. புங்க மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பார். படத்தைப் புரட்டியது யார் என்று, சங்கிலிமுத்துவைத் தவிர, அங்கே தெரிந்தவர் அவர் ஒருவரே.

2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, சங்கிலிமுத்து நெஞ்சு வலியில் இறந்தார். வயது ஐம்பத்தேழு.

ஆண்டு நிறைவை ஒட்டி அவர் நினைவாக ஓர் அறக்கொடைக் கோல்ஃப் போட்டி நடத்தலாம் என்ற யோசனை மேலாளர் கதிரவனுடையது. வசூலாவதைக் கொண்டு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, எப்போதும் பேசாத ஃபரீத், “அச்சகத்து ஆளுகளுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் ஆளுகளுக்கும் கண்ணாடி வாங்கிக் குடுப்போம்” என்றார். நல்ல யோசனை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஏன் கண்ணாடி என்று ஒருவரும் கேட்கவில்லை. மதுரையிலிருந்து ஒரு கண் மருத்துவரம்மா சோதித்துப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டார். அவர் உண்மையிலேயே கோல்ஃப் ஆடுபவர் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

கதிரவன் துண்டறிக்கை எழுதினார். அதில் நான்காவது வரி இது: “படங்களைத் தவறுதலாகப் புரட்டி வைத்தும், அத்தவற்றினாலேயே நமக்கு ஒரு விளையாட்டைத் தந்தும் சென்ற அமரர் சங்கிலிமுத்து.” வழக்கப்படி அது கையெழுத்துக்காக ஃபரீத்தின் மேசைக்கு வந்தது.

ஃபரீத் அதை மூன்று நாள் வைத்திருந்தார். வாய்ப்பேச்சாக உலவும் பொய்யோடு அவர் எப்படியோ காலந்தள்ளிவிட்டார். அச்சில் ஏறினால் அது வேறு. நாற்பதாண்டுகளில் பிழையுள்ள தாளில் அவர் அறிந்து கையெழுத்திட்டதில்லை. போட்டால் அந்தப் பெருமை போகும். உண்மையைச் சொன்னாலோ மற்றதெல்லாம் போகும்.

“பாய், துண்டறிக்கை என்னாச்சு?” என்று கேட்டார் இயந்திரக்காரர் பாண்டிமுருகன், சங்கிலிமுத்துவுக்குப் பின் அந்த மெசினை ஓட்டுபவர்.

“ஒரு தப்பு இருக்கு.”

“எங்கன?”

“பாக்கணும்.”

பாய்க்கே பிடிபடாத தப்பு என்றதும் அச்சகம் பரபரத்தது. கதிரவன் தன் தமிழாசிரியருக்குத் தொலைபேசினார். கடிகாரத்துக்கும் நாள்காட்டிக்கும் ஓடி நேரத்தையும் கிழமையையும் சரிபார்த்தார்கள். கட்டிங் பகுதியில் ஒருவர், வந்தவர்களுக்குக் கலர் தரப்படும் என்பதற்குப் பதில் மோர் என்று போட்டிருக்கவேண்டும், அதுதான் தப்பு என்றார். கடைசியில் போட்டிக்கு முந்திய நாள், வேறு வழியில்லாமல், கையெழுத்து இல்லாமலே முந்நூறு பிரதி ஓடியது. “பாய் பாக்காத தாளு சார் இது,” என்றார் பாண்டிமுருகன், பொத்தானை அமுக்கும்போது.

ஞாயிறு காலை நசிமா கணவனுக்கு முன்னால் இடியாப்பத்தை வைத்தார்.

“நாலு நாளாச் சோறு எறங்கல. என்னங்க சங்கதி?”

“துண்டறிக்கையில ஒரு தப்பு.”

“திருத்திருங்க.”

“திருத்துனா அது என் தப்புனு ஆகும்.” பிறகு, தட்டைப் பார்த்தபடியே, முழுவதையும் சொன்னார். நசிமா கேட்டு முடித்து, அவருடைய மூக்கின் மேலிருந்த கண்ணாடியைச் சற்று நேரம் பார்த்தார்.

“அப்ப இது அதுக்கு வாங்குனதா?”

“ஆமா. மஹ்ரீன் மாமியா வீட்டுல என்ன சொல்வாகளோனு...”

“அந்தம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி. உங்க தப்பக் கேக்க அவுகளுக்கு எங்கன நேரம்? கற்பகத்துக்குச் சொல்லாம இருந்தீகளே, அதுதான் தப்பு. சாப்பிட்டுக் கெளம்புங்க.”

ஃபரீத் சாப்பிட்டார். அலமாரியிலிருந்து பழைய ஸ்கேனர் பதிவேட்டை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். ஸ்கேனர் இரும்புக்கடைக்குப் போனபோது அதோடு போயிருக்கவேண்டிய புத்தகம் அது.

தரிசில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். சாமியானாவின் கீழ் கண் சோதனைக்கு வரிசை நின்றது. ஜனவரிக் குழிக்கு முன்னால் சங்கிலிமுத்துவின் படத்துக்கு மாலை. பக்கத்தில் 2009ஆம் ஆண்டுக் காலண்டர், விதிப் புத்தகமாக. கற்பகம் கழுத்தில் விசிலோடு நின்றார். மருத்துவரம்மா தன் சொந்தப் பையிலிருந்து ஒரு மட்டையை உருவிக்கொண்டு வந்தார். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களைக் கவனித்தவர் நின்றுவிட்டார்.

“எல்லாருமே இடது கையா?”

“ஆட்டமே இடது கைதானம்மா,” என்றார் பாண்டிமுருகன்.

மருத்துவரம்மா அவர்கள் ஆடிய மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது வலது கை மட்டை. இத்தனை வருஷமா இதோட முதுகாலயா அடிச்சீங்க?” சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “யாரு சொல்லிக் குடுத்தது?”

எல்லாக் கைகளும் பெருமையோடு மாலை போட்ட படத்தைக் காட்டின. மருத்துவரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. கெட்ட சிரிப்பல்ல அது. ஆனாலும் இறந்த மனிதரைப் பார்த்து ஓர் அசலூர்க்காரர் சிரிப்பதை ஃபரீத்தால் தாங்க முடியவில்லை.

“மொதப் பந்த அடிக்கிறது பாய்,” என்று அறிவித்தார் கதிரவன். “சங்கிலியண்ணனோட மூத்த சகா. இதுவரைக்கும் மட்டையத் தொட்டதில்ல. இன்னைக்குத் தொடுறாக!”

ஃபரீத் துணிப்பையைக் கீழே வைத்தார். மட்டையை வாங்கினார். பதினாறு ஆண்டுகள் மரத்தடியிலிருந்து பார்த்த ஆட்டத்தை மனத்தில் புரட்டிப்போட்டு, வலக்கைக்காரராக நின்றார்.

கற்பகத்தின் விசில் ஊதியது. “மாறி நிக்கிறீக பாய்! படத்தப் பாருங்க!”

“நான் நேராத்தான் நிக்கேன், தங்கச்சி. படம்தான் மாறி இருக்கு. மாத்தி வச்சது சங்கிலி இல்ல. நான்.”

கூட்டம் படத்தையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பாண்டிமுருகன் மூக்கை உறிஞ்சினார்.

“பாத்தீகளாய்யா பாய் மனச! செத்தவன் பேருல பழி நிக்கக்கூடாதுனு தன் தலையில போட்டுக்கிடுறாக!”

கைதட்டல் எழுந்தது. ஃபரீத் திடுக்கிட்டார். “இல்லப்பா, நெசமாவே நான்தான்...”

கதிரவன் ஒலிவாங்கியைப் பிடித்தார். “பெரியோர்களே, பிழையே செய்யாத மனிதர் நட்புக்காகப் பிழையைத் தாங்குகிறார்!” கைதட்டல் இரட்டித்தது. பாண்டிமுருகன் தன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து ஃபரீத்துக்குப் பொன்னாடையாகப் போர்த்திவிட்டார். அவர் மறுக்க மறுக்க உயர்ந்துகொண்டே போனார். தப்பை ஒப்புக்கொள்வது இவ்வளவு சிரமமாக இருக்கும் என்று இந்தப் பதினாறு ஆண்டுகளில் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

துண்டை உதறிவிட்டுப் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி நேரே கற்பகத்திடம் நீட்டினார். “படிங்க.”

“கோல்ஃப் கிளப், பன்னெண்டு ஸ்லைடு. மதியம் மூணு பத்து,” கற்பகம் விரல் வைத்துப் படித்தார். “மு.ஃப. இது உங்க கையெழுத்து. தேதி, ரெண்டாயிரத்து எட்டு, செப்டம்பர் பதினொண்ணு.”

“வியாழக்கெழமை. ஆவணி கடைசி முகூர்த்தம்.”

கற்பகத்தின் விரல் அங்கேயே நின்றது.

“எங்க மக வேலுத்தாயிக்குக் காது குத்துன நாளுல்லா அது?”

“ஆமா. நோன்புனு நான் வரல. பைசலத்தான் அனுப்புனேன்.”

“அன்னைக்குப் பூரா அவுக இங்கனதான இருந்தாக! பந்தியில எலை போட்டாக. ஆசாரிக்கு வேட்டி எடுத்துக் குடுத்தாக. எங்க சின்னண்ணன் கூடச் சண்ட போட்டாக. சிவகாசிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையே.”

“பாக்கல, தங்கச்சி.”

இப்போது யாரும் கை தட்டவில்லை. பாண்டிமுருகன் தன் துண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டார். கற்பகம் பதிவேட்டை மூடினார். கணவனின் படத்தை நோக்கித் திரும்பினார்.

“எங்கிட்டயும் சொல்லலியே! உனக்காக எம்புட்டுப் பேருகிட்ட வாயக் குடுத்தேன்! எங்கண்ணன் வீட்டு வாசப்படிய ரெண்டு வருசம் மிதிக்காமக் கெடந்தேன்!” பிறகு ஃபரீத்தின் பக்கம் வந்தார். “ஏன் பாய், இம்புட்டு நாளு சொல்லல?”

“மொதல்ல மஹ்ரீன் கல்யாணம். பெறகு பயம். அதுக்குப் பெறகு வெக்கம்.”

“அப்ப இந்த ஆட்டம்? இதுவும் உங்களோடதுதானா?” கற்பகம் பதிவேட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டார். பழி போகிற வேகத்தில் பெருமையும் சேர்ந்து போய்விடுமோ என்ற கவலை அது.

“இல்ல. தப்பு மட்டுந்தான் என்னுது. ஆட்டம் பூராவும் அவனுது. நானா இருந்தா அந்தக் காலண்டரக் கண்ணுல படாம எரிச்சிருப்பேன்.”

கற்பகம் இதை மனத்துக்குள் நிறுத்துப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு நடுவரானார்.

“மாறி நின்னா என்ன அபராதம்?”

“ஜனவரிக்குத் திரும்பணும்க்கா,” என்றது கூட்டம்.

“பாய் இன்னும் ஜனவரியவே தாண்டலையே,” என்றார் பாண்டிமுருகன்.

“அப்ப இதுதான் அபராதம். பன்னெண்டு மாசமும் ஆடணும். அவுக நின்ன மாதிரியே நின்னு ஆடணும். மட்டையோட முதுகாலதான் அடிக்கணும். பாதியில மரத்தடிக்கு ஓடக்கூடாது.” மருத்துவரம்மாவையும் விட்டுவிடவில்லை. “டாக்டரம்மா, உங்களுக்கும் அதே விதிதான். உங்க ஊரு ஆட்டத்த உங்க ஊருல ஆடுங்க.”

அறுபத்தொரு வயதில் ஃபரீத் இடப்பக்கம் திரும்பி நின்றார். முதல் அடியில் பந்து பின்புறமாகப் பறந்து கண் சோதனை வரிசையில் விழுந்தது. வரிசை கலைந்து ஓடியது. “பாய்க்கும் தப்பு வருதுய்யா!” என்று யாரோ கத்தினார்கள். கூட்டத்துக்கு அதைவிடப் பெரிய திருவிழா இல்லை. மார்ச்சில் அவர் குத்தவைத்து எழ இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஏப்ரலில் புதருக்குள் தேடி, 2013இல் தொலைந்த ஒரு பந்தைக் கண்டெடுத்தார். மேயில் இரண்டு கலர் குடித்தார். ஆகஸ்டில் துண்டால் முகம் துடைத்தபோது சற்றுக் கூடுதல் நேரம் துடைத்தார். கற்பகம் விசில் ஊதவில்லை. டிசம்பர்க் குழியில் கைகுலுக்க எதிரி வேண்டுமே என்று ஃபரீத் தயங்கி நின்றார். கற்பகம் வந்து கையை நீட்டினார்.

மொத்தம் இருநூற்றுப் பதினேழு அடி. குறைய அடித்தவரே வெல்லும் இந்த ஆட்டத்தில், இத்தனை அடி அடிக்க இன்றுவரை வேறு எவராலும் முடியவில்லை. மருத்துவரம்மா நூற்று எழுபத்தொன்று. எட்டு இடத்தில் அபராதம். போகும்போது ஒரு பழைய காலண்டர் கேட்டு வாங்கிப் போனார்.

பிற்பகல் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு ஃபரீத் துண்டறிக்கைகளைச் சேகரித்தார். நாற்காலிகளின் மேலும் கரிசல் வெடிப்புகளிலும் கிடந்தவை, இலைக்கு அடியில் விரித்தவை எல்லாமாக இருநூற்று முப்பத்தாறு அகப்பட்டன. புங்க மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் நான்காவது வரியில் “படங்களைத் தவறுதலாகப் புரட்டி வைத்தும், அத்தவற்றினாலேயே” என்பதை அடித்து, “ஃபரீத் புரட்டி வைத்த படங்களிலிருந்து” என்று எழுதி, ‘தந்தும்’ என்பதைத் ‘தந்து’ ஆக்கி, ஓரத்தில் மு.ஃப. என்று போட்டார். பாண்டிமுருகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

“இப்ப ஓட்டலாமா பாய்?”

“இப்ப ஓட்டு.”

மறுநாள் குடும்பப் பதிவேட்டில் காலியாகக் கிடந்த கட்டம் நிரம்பியது. அதிலுள்ளபடி:

கண்ணாடி வாங்கிய காரணம்: ஸ்லைடுகளைப் புரட்டி வைத்தது.

தப்புச் செய்தவர்: மு. ஃபரீத்.

பழி சுமந்தவர்: சங்கிலிமுத்து, ஆமத்தூர்.

பழி ஏற்ற நாள்: 17.11.2008. இறக்கிய நாள்: 16.2.2025.

காலம்: பதினாறு ஆண்டு, இரண்டு மாதம், முப்பது நாள்.